கத்தவிட வேண்டிய எஞ்சின்

ஜூன் 4

வணக்கம்.

கார் என்று நீங்கள் அனுப்பிய தையல் மிஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் தொழிற்சாலை டிரைவர் அதைச் சுகாதார நிலையத்து முற்றத்தில் நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் கொடுத்த கையோடு, மலை இறங்குகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் திட்டுவேன் என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. எங்கள் வாட்ச்மேன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சிஸ்டர், எஞ்சின் தனியா வருதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சண்டை வருகிறது. மூன்றாவது நிமிடத்தில் சிக்னல் போய்விடுகிறது. யார் வைத்தது என்று தெரியாமல் நீங்கள் கீழே ஒரு பக்கமும் நான் மேலே ஒரு பக்கமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறோம். எழுதினால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவின் காரை விற்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மாற்றல் வந்து இந்த மலைக்கு ஏறியபோது காரை உங்களிடம்தானே விட்டுவிட்டு வந்தேன். சரிபார்த்து அனுப்புங்கள் என்றுதானே சொன்னேன். துருப் பிடித்திருந்தது என்கிறீர்கள். துருப் பிடிக்காத இரும்பு உண்டா? வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாக வாங்கிய ஒரே வண்டி அது. அதில்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேலை என்னுடையது. இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு என்ன செய்யட்டும்?

சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டேன்.

*

ஜூன் 12

அன்புள்ள ராங்கிக்கு,

சாப்பிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி. நான் எஞ்சின்களைச் சோதிக்கிறவன். எனக்குத் தெரிந்த வழியில்தான் சொல்ல வரும்.

மாமாவின் கார் எஞ்சின் ஒன்றரை லிட்டர். புதிதாக இருந்தபோது அது கொடுத்தது ஐம்பது குதிரைத்திறன். இப்போது உன் முற்றத்தில் நிற்பது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர். கொடுப்பது அறுபத்தெட்டு. அளவில் சின்னது, பலத்தில் பெரியது. வண்டியின் எடையும் கால்வாசி குறைவு. பெரிய எஞ்சின் என்றால்தான் மலை ஏறும் என்பது ஊர் உலகமெல்லாம் நம்புகிற கட்டுக்கதை. அதே மாதிரி காலையில் பத்து நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும் என்பதும், கனமான பழைய வண்டி மோதினாலும் ஒன்றும் ஆகாது என்பதும். மாமா இதையெல்லாம் சொல்லுவார், எனக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னது தப்பு.

துரு விஷயம் நான் கட்டிய கதை இல்லை. வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தோம். டிரைவர் சீட்டுக்குக் கீழே தரையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. நீ உட்காரும் இடம் அது.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் செருப்பை வாசலிலிருந்து எடுக்கவில்லை. வருகிறவர்கள் நீ உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

*

ஜூன் 20

என் அப்பா சொன்னது தப்பு என்று எழுதும்போது உங்கள் பேனா மக்கர் பண்ணவில்லையா?

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தை இரண்டாம் முறையும் படித்தேன். அது வேறு. நான் கேட்பது வேறு. உங்களுக்கு அது புரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

"கியரைச் சீக்கிரம் மாத்தும்மா, எஞ்சினைக் கத்த விடாதே. அது நமக்கு உழைக்கிற பிராணி." அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நான் ஓட்டுகிறேன். அந்த வார்த்தைகளையெல்லாம் கட்டுக்கதை என்று நீங்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், என்னிடம் அவருடையது என்று என்னதான் மிஞ்சும்? காரும் இல்லை.

உங்கள் அறுபத்தெட்டு குதிரைகளில் பாதி கீழேயே தங்கிவிட்டன போலிருக்கிறது. நேற்று தடுப்பூசிப் பெட்டியோடு மேல் குடியிருப்புக்குப் போனேன். நானும் வாட்ச்மேனும் மட்டும்தான். மூன்றாவது கியரில் மேடு ஏற ஆரம்பித்ததும் வண்டி திணறி, நடுங்கி, வளைவில் அணைந்தே போய்விட்டது. வாட்ச்மேன் இறங்கித் தள்ளுவதற்குத் தயாராகக் கதவைத் திறந்துவிட்டார். அப்பாவின் கார் மூன்றாவது கியரில் இந்த மேட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறியிருக்கும். விலை கூடிய பெட்ரோல் போட்டால் பலம் வரும் என்று பங்க்கில் சொன்னார்கள். அதையும் ஊற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

மேல் குடியிருப்பில் ஒரு பெண் இருக்கிறாள். மரம் அறுப்பவரின் மனைவி. ஒல்லிக்குச்சி. முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது. வலி வரும்வரை காத்திருக்காதே, முன்னாலேயே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடு என்கிறேன். கணவரைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள். எனக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வளைவுதான் ஞாபகம் வருகிறது.

*

ஜூலை 1

ராங்கிக்கு,

போன கடிதத்தை நான் தொழிற்சாலை அறிக்கை மாதிரி எழுதிவிட்டேன். திரும்ப வாங்க முடிந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, என் கணக்கில் ஓட்டை இருக்கிறது. நான் எஞ்சினைச் சோதிப்பது சமவெளியில், நான்கு சுவருக்குள். நீ இருப்பது மலை. அங்கே காற்று மெலிந்தது. எஞ்சினும் மூச்சு விடுகிற ஜீவன்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் பலத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். உன் கணவாயில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. மாமாவின் காரும் அங்கே அதே அளவு தளர்ந்திருக்கும், அது உண்மை. ஆனாலும் அறுபத்தெட்டு என்று மார்தட்டிய நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, மாமா. அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் ஓட்டிய வண்டிகளுக்கு அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தக் கால எஞ்சின்கள் காலையில் சூடேறாமல் நகராது. அந்தக் கால எண்ணெய் குளிரில் களிம்பு மாதிரி இறுகிக் கிடக்கும். வண்டிகள் மாறிவிட்டன, வார்த்தைகள் மாறவில்லை. நம்மிடம் அன்பாக இருந்தவர்கள் சொன்ன வார்த்தைகளை யார்தான் லேசில் மாற்றிக்கொள்வார்கள்? நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்.

பெரிய எஞ்சின் ஒரு பெரிய குடம். நிதானமாக மொண்டு ஊற்றினாலே தொட்டி நிறையும். சின்ன எஞ்சின் ஒரு செம்பு. அதை வைத்துக்கொண்டு அதே தொட்டியை நிரப்ப வேண்டுமென்றால் கை வேகமாக ஓட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். நீ செம்பைக் குடத்தின் வேகத்தில் மொள்ளுகிறாய். அதனால் திணறுகிறது. மேட்டில் இரண்டாவது கியருக்கு இறங்கு. அது கத்தும். கத்தட்டும். அது வலியில் கத்துவது இல்லை. இங்கே என் அறையில் நாள் முழுக்க அப்படித்தான் கத்துகிறது, பழுதாவதில்லை.

விலை கூடிய பெட்ரோல் இனி வேண்டாம். நல்ல உடம்புக்கு டானிக் எழுதிக் கொடுத்தால் நீ என்ன சொல்வாய்?

ஒரு வேடிக்கை. நிஜக் குதிரை ஒன்று உயிரைக் கொடுத்து இழுத்தால் சில நொடிகளுக்குப் பத்து குதிரைத்திறனுக்கு மேலேயே வரும். அளவு வைத்தவர்கள் நாள் முழுக்க உழைக்கிற குதிரையை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். அவசரத்தில் உள்ள குதிரையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

*

ஜூலை 9

என்னங்க,

கடிதம் வந்தது. அப்பாவைப் பற்றி எழுதியிருந்ததை வாசலில் நின்றபடியே படித்தேன். கடிதத்தைக் கொண்டுவந்த மருந்து வேன் டிரைவர் என் முகத்தைப் பார்த்து, ஏதாவது கெட்ட சேதியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நாள் முழுக்க உழைக்கிற குதிரையைப் பற்றி ஏன் எழுதினீர்கள்? அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெறுகிறவளுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று யாராவது அளந்து பார்த்தார்களா? உங்கள் அறையில் அதற்குச் சோதனை மேடை இருக்காது.

ஒரு சந்தேகம். எனக்கில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு. அவள் மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வருவாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்று இறங்கும்போது ஏதோ கருகுகிற நாற்றம் வந்ததாம். பிறகு பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்றாம். வண்டியில் கோளாறா, அல்லது எல்லா வண்டியிலும் இப்படித்தானா?

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைப் பக்கத்துச் சுவரில் உரசி நிறுத்திவிட்டாள். எதிரே யாரும் வரவில்லை.

சும்மா கேட்டேன். அவசரம் இல்லை.

*

ஜூலை 11

ராங்கிக்கு,

இதை இன்றே கிளம்புகிற மருந்து வேனில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் நிலையத்தில் இருப்பது நீயும் வாட்ச்மேனும் வாரத்துக்கு ஒருமுறை வரும் டாக்டரம்மாவும்தான். டாக்டரம்மா வேனில் வருகிறவர். வாட்ச்மேனுக்கு ஓட்டத் தெரியாது. ஆகவே அந்த ஒருத்தி யார் என்று நான் கேட்கப்போவதில்லை. அவளிடம் இதை மட்டும் சொல்.

வண்டியில் கோளாறு இல்லை. மலை இறங்கும்போது வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்துவது எஞ்சின்தான். நியூட்ரலில் போட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் கொதித்துப் போனால் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினாளோ அந்தக் கியரிலேயே இறங்கச் சொல். பெட்ரோல் மிச்சம் என்பதும் இப்போது இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிப்பதை விட்டால் இந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் அணையாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். பிரேக்கைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். நாளை வேனிலேயே ஒரு மெக்கானிக்கை ஏற்றி அனுப்புகிறேன். நல்ல ஆள், அதிகம் பேச மாட்டார்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரைக் குறை சொல்லாதே. அவர் காலத்து வண்டிக்கு அதில் கொஞ்சம் மிச்சம் ஆகியிருக்கும். அவர் வீட்டில் அந்த மிச்சமும் வேண்டியிருந்திருக்கும்.

சுவரில் உரசி நின்றபோது அவள் பக்கத்தில் யாராவது இருந்தார்களா? அவளுக்கு ஒரு கணவன் இருந்தால், அவன் நேற்றிலிருந்து ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்றும் சொல். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்த மறந்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

*

ஆகஸ்ட் 2

என்னங்க,

பையன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தாயும் பிள்ளையும் நலம்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் மெக்கானிக் வந்து பிரேக்கைச் சரிசெய்துவிட்டுப் போனார். உண்மையிலேயே பேசவில்லை. போகும்போது மட்டும், "ரெண்டாவது கியர் உடையாது சிஸ்டர்" என்றார். நீங்கள் சொல்லச் சொன்னது என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம், நல்ல மழை. மரம் அறுப்பவர் நனைந்துகொண்டே ஓடிவந்தார். அவர் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது குழந்தையின் கை முன்னால் வந்திருந்தது. இங்கே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆபரேஷன்தான். ஆம்புலன்ஸ் கணவாய்க்கு அந்தப் பக்கத்தில் இருந்து வர வேண்டும், மழையில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பின்சீட்டில் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். இடுப்பு உயர்ந்திருக்க அடியில் தலையணைகள். அவள் தலை கணவர் மடியில். முன்னால் அவள் மாமியார். வண்டி நிறைய ஆள்.

மேடு தொடங்கியதும் பழக்கத்தில் என் கை மூன்றாவது கியருக்குப் போய்விட்டது. வண்டி நடுங்கத் தொடங்கியது. பின்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் முனகுகிறாள். மாமியார் முன்னால் இருக்கிறார், அந்தக் கூச்சம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணாடியில் அவளைப் பார்த்து, "வலிச்சா கத்தும்மா. கத்துறதுல தப்பே இல்ல. அடக்காதே" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் கை எந்தக் கியரில் இருக்கிறது என்று பார்த்தேன்.

இரண்டாவது கியருக்கு மாற்றி மிதித்தேன். அப்படி ஒரு சத்தம் போட்டது. அப்பா இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். ஆனால் ஏறியது. அந்த வளைவையும் அடுத்த வளைவையும் நிற்காமல் ஏறியது. பின்னால் அவளும் கத்தத் தொடங்கினாள். ஒரு மேட்டில் எது எஞ்சின், எது அவள் என்று எனக்கே தெரியவில்லை. மாமியார் திரும்பி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மரம் அறுப்பவர் அழுதுகொண்டே வந்தார். இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். நாற்றம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். என்னால் இறங்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. "அப்பா, கத்தவிட்டுட்டேன். ஒண்ணும் ஆகலப்பா" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் நிச்சயம் நம்பியிருக்க மாட்டார். இறங்கி வந்து பானட்டைத் திறந்து பார்த்திருப்பார்.

அப்பாவின் கார் இருந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பேனோ என்னவோ. அதை இனி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. நீங்களும் வேண்டாம், கணக்குப் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கார் போன நாள் எப்படி இருந்தது? யார் வந்தார்கள்? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? இத்தனை நாள் கேட்க முடியவில்லை. இப்போது கேட்கலாம் போல இருக்கிறது.

*

ஆகஸ்ட் 9

என் ராங்கிக்கு,

உன் கடிதத்தை வேலை இடத்தில் படித்தேன். பக்கத்து மேடைக்காரர் எதற்குச் சிரிக்கிறாய் என்றார். பிறகு எதற்கு அழுகிறாய் என்றார். மனைவி மேட்டில் ஏறிவிட்டாள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கார் போன நாளைக் கேட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய இரும்பு எடுக்கிறவர் இழுவை வண்டியோடு வந்தார். "இன்னும் ஓடும். வேணும்னா ஓட்டிட்டே வரலாமே சார்" என்றார். வேண்டாம் என்றேன். அது யார் காலடியிலும் உடைய வேண்டாம். கயிறு கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மாமா உட்காரும் பக்கத்து சீட்டில். உன் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை. உன் பக்கத்து ஸ்டியரிங்கில் விரல் படுகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எஞ்சினை ஒருமுறை ஓடவிட்டேன். அந்த முணுமுணுப்பு. காரணமே இல்லாமல் பத்து நிமிடம் சூடேற்றினேன். இரும்புக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் புரிந்துகொண்டு தள்ளிப் போய் நின்றார்.

கார் போனதற்கு இப்போதும் நான் வருந்தவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் உன்னுடையது. அதை உனக்குத் தராமல் நானே வைத்துக்கொண்டேன். நீ அழுவாய், அழுதால் விற்க விடமாட்டாய், விற்காவிட்டால் அதில்தான் போவாய் என்று பயந்தேன். பயத்தில் செய்தேன். கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். நேரில் சொல்ல வராது என்பதால் எழுத்திலாவது இருக்கட்டும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ போய் இத்தனை மாதமாகியும் நான் ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்று நீ கேட்கவே இல்லை. வேலை என்று நினைத்திருப்பாய், இல்லை கோபம் என்று. இரண்டும் இல்லை. மே மாதம் ஒருநாள் உன்னிடம் சொல்லாமல் கிளம்பி வந்தேன். மலையடிவாரத்தில் பஸ் மாறினேன். நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் தலை சுற்றி, வயிறு புரண்டு, கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். எதிரே வந்த பஸ்ஸில் கீழே திரும்பிவிட்டேன். எத்தனை எஞ்சினை மலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவன். சொன்னால் சிரிப்பாயே என்று சொல்லவில்லை.

இருபதாம் தேதியிலிருந்து ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. வரட்டுமா?

*

ஆகஸ்ட் 14

என்னங்க,

சிரித்தேன். அப்புறம் அந்தக் கல்லில் தனியாக உட்கார்ந்திருந்த உங்களை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு போய்விட்டது. அத்தனை தூரம் வந்தவர் ஒரு போன் பண்ணியிருந்தால் என்னங்க? நடந்தாவது இறங்கி வந்திருப்பேனே.

கார் போன நாளைப் பற்றி எழுதியதை மடித்து வைத்துக்கொண்டேன். அவர் உட்காரும் சீட்டில் நீங்கள் உட்கார்ந்தது எனக்குப் போதும். அந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது. இனி அதற்காக நான் முகம் திருப்ப மாட்டேன். வேறு எதற்காவது திருப்பினால் அது உங்கள் பாடு.

நேற்று மரம் அறுப்பவர் மனைவி குழந்தையோடு வந்திருந்தாள். கன்னம் வைத்துவிட்டது. அழுகை முற்றத்தைத் தாண்டிக் கேட்கிறது. மாமியார் பெருமையாகச் சொல்கிறார், நம்ம வீட்டில் இவ்வளவு சத்தமாக யாரும் அழுததே இல்லை என்று.

இருபதாம் தேதி வாருங்கள். மலை ஏறுகிற பஸ்ஸில் ஏற வேண்டாம். அடிவாரத்து பஸ் நிலையத்தில் இறங்கி அங்கேயே நில்லுங்கள். நான் வண்டியைக் கொண்டுவருகிறேன். நீங்கள் முன்சீட்டில் உட்கார வேண்டும், ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், பக்கத்துப் பள்ளத்தைப் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும். புறப்படுமுன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் வராதீர்கள். எந்தக் கியரில் போகிறேன் என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

வாந்தி வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், நிறுத்துகிறேன். எத்தனையோ பேருக்கு முதுகு தடவிவிடுகிற கை இது. உங்களுக்குத் தடவிவிட்டு ஒரு வருடம் ஆகிறது.